வரப்பில் இருந்த பாட்டில்

சகாயமேரி எடுக்கிற போட்டோவில் உப்பு வெள்ளையாக இருக்கும். இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கிறவர்கள் கத்திரி வெயிலில் ஒருநாள் மரக்காணம் உப்பளத்துக்கு வந்து எடுத்துப் பார்க்கட்டும். அத்தனை வெளிச்சத்தைக் கண்டதும் கேமரா மிரண்டுபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். உப்பு சாம்பலாக வரும், ஆள் கரிக்கட்டையாக வருவான். சென்னையிலிருந்து காரில் வந்து, முழ நீள லென்ஸை மாட்டிக்கொண்டு வரப்பில் குந்துகிற கெட்டிக்காரர்களே சூரியன் இறங்கட்டும் என்றுதான் காத்திருப்பார்கள். சாயங்காலச் செவப்பில் உப்பளம் அழகாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் அங்கே வேலை செய்ய ஒரு ஆள் இருக்கமாட்டான், அது வேறு விஷயம்.

நான் உப்பளத்துக்காரன் இல்லை. எனக்கு ஊர் பெருமுக்கல், அப்பாவுக்கு நெல்லும் மல்லாட்டையும்தான் விவசாயம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சக்கரபாணி ஸ்டூடியோ என்று போர்டு தொங்குகிறதே, அது என் கடை. ஸ்டூடியோ என்று பேர்தான். பாஸ்போர்ட் சைஸ், ஆதார் லேமினேஷன், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி பேனர், இவைதான் எனக்குச் சோறு போடுகின்றன. சகாயமேரி போன வருஷம் ஒரு கைக்குட்டையில் சுற்றி அந்தச் சின்ன டிஜிட்டல் கேமராவைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கியதாம்.

"அண்ணா, இதுக்கு சார்ஜரு கிடைக்குமா?"

"இந்தக் காலத்துல இத யாரும்மா வாங்குவா? செல்லு இல்லியா உங்கிட்ட?"

"இருக்குதுண்ணா. உப்புக் கையில டச்சு வேலை செய்ய மாட்டேங்குது. வெயில்ல இன்னா தெரியுதுன்னும் தெரியல. இது பட்டனு. அமுக்கினா அமுங்குது."

"இன்னாத்த எடுக்கப் போற?"

"வேலையத்தான்" என்றாள். ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சார்ஜர் தேடிக் கொடுத்தேன். உப்பு வெள்ளையாக வர வேண்டுமானால் வெளிச்சத்தை பிளஸ்ஸில் வைக்கணும் என்றும் சொன்னேன். அதற்கப்புறம் மாதம் ஒருதரம் கார்டைக் கொண்டுவருவாள், என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்போம். ஒருத்தரும் சிரிக்கிற போட்டோ ஒன்றுகூட இருக்காது. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு உப்புக் கூடையோடு வரப்பில் வரிசையாகப் போகிற பெண்கள். திறந்த தூக்குச்சட்டியில் பழைய சோறும் சுட்ட கருவாடும். மேஸ்திரியின் பைக் நிழலில் படுத்திருக்கும் நாய். தண்ணீர் வடிந்த பாத்தியில் கால் தடம். அவள் புருஷன் அந்தோணிராஜ் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் ஒதுக்குவது எத்தனையோ தடவை இருக்கும். அவனும் சில நேரம் கூட வருவான். வாசலிலேயே நின்றுகொண்டு, "எம் பொண்டாட்டி பிரஸ்ஸுங்க. கொஞ்சம் பாத்து பேசுங்க" என்பான்.

ஒருநாள் ஒரு போட்டோவைப் பார்த்து நானே கிண்டல் செய்தேன். வரப்பில் ஏழெட்டு பிராந்தி குவார்ட்டர் பாட்டில், அத்தனையிலும் பழுப்பாக ஏதோ இருந்தது.

"இன்னாம்மா இது? உப்பளத்துல பாரே நடக்குதா?"

மேரி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயே, வேப்பெண்ணெண்ணா அது! பாத்தியில இறங்கறதுக்கு முன்னாடி கையி காலுக்குப் பூசிக்குவோம். இல்லன்னா உப்புத்தண்ணி வெடிப்புல பூந்து ராத்திரியெல்லாம் எரியும்."

"அதுக்கு வேற பாட்டிலே கிடைக்கலியா?"

"பிளாஸ்டிக்கு வெயில்ல இளகி ஒழுகிடுது. இது தட்டையா இருக்குதில்ல, வரப்புல வெச்சா உருளாது. இடுப்புலயும் சொருகிக்கலாம். ரோட்டோரம் எவ்ளோ வேணும்னாலும் கெடக்குது."

உப்பளத்தில் எல்லாருக்கும் அதுதான் எண்ணெய் பாட்டில். வேறு மாதிரி யாருக்கும் தோன்றுவதே இல்லை.

இந்த வருஷம் கத்திரியில் ஒரு சனிக்கிழமை அந்தோணிராஜ் செத்துப்போனான். அன்றைக்குக் காலையிலேயே காற்று நின்றுவிட்டது. விடியும் முன்னே இறங்கினவர்கள் பதினோரு மணிக்காவது ஏறியிருக்க வேண்டும், ஆனால் மழை வரும்போல இருக்கிறது, இந்த வரிசையை முடித்துவிட்டுப் போங்கள் என்று மேஸ்திரி தெய்வசிகாமணி விடவில்லை. பெண்களை அதற்கு முன்னாடியே ரோட்டோர உப்பு அம்பாரத்தில் லாரிக்கு லோடு ஏற்ற அனுப்பிவிட்டார்கள். உச்சி வெயிலில் அந்தோணிராஜ் பலகையைப் பிடித்தபடியே பாத்தியில் சாய்ந்தான். உப்பளத்தில் நிழலுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. மேஸ்திரியும் இன்னும் ரெண்டு பேரும் அவனைத் தூக்கிக்கொண்டு போய் பனந்தோப்பில் கிடத்தித் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள். மேரி ஓடி வந்து பார்க்கும்போது உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது, உயிர் இல்லை.

உப்பளத்து ஓனர் தட்சணாமூர்த்தி மாலையும் வண்டியுமாக உடனே வந்தார். "போஸ்ட்மார்ட்டம்னு போனா ரெண்டு நாளு போட்டுருவாங்கம்மா. அறுத்துக் கோணியில கட்டித் தருவாங்க. இந்த வெயிலுக்கு உடம்பு தாங்குமா? பொண்ணு மூஞ்சியாவது பாக்கட்டும்" என்றார். திண்டிவனத்தில் நர்சிங் படிக்கிற மகள் மேரிசெல்வி வந்து சேர்ந்ததும், பொழுது சாய்வதற்குள் கல்லறையில் வைத்துவிட்டார்கள். எவ்வளவு நல்ல மனுஷன் என்று எல்லாரும் அவரைச் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

மறுநாள் பேச்சு மாறியது. அந்தோணிராஜ் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் பனந்தோப்புக்குப் போய்க் குடித்தானாம், குடித்த இடத்திலேயே செத்துக் கிடந்தானாம். எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் செத்ததற்கு அப்புறம் இந்தப் பக்கத்தில் எந்த ஆம்பிளை விழுந்தாலும் ஜனங்களுக்கு முதலில் வாயில் வருவது சாராயம்தான். உடம்பு கிடந்த இடமும் பனந்தோப்பு. வேறென்ன வேண்டும்? வெயிலில் வேலை வாங்கிச் சாகடித்தார் என்ற பேர் தட்சணாமூர்த்திக்கு வராமல், குடித்துச் செத்தான் என்ற பேர் அந்தோணிராஜுக்கு வந்தது. நிழலுக்காகத் தூக்கிக்கொண்டு போன மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரக் கடைசியில் மேரி கடைக்கு வந்தாள். கேமராவைத்தான் கொண்டுவந்தாள். கண்ணீர் அஞ்சலி பேனருக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"பேனரு வேணாங்கண்ணா. பேனர்ல இன்னா போடுவீங்க? அதுக்குக் கீழ நின்னு சாராய கேசுன்னு பேசுவானுங்க."

"அப்பிடியெல்லாம் யாரும்மா..."

"பேசறானுங்க. மேரிசெல்விய ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு கேட்டுச்சாம், உங்கப்பா கள்ளச்சாராயமாடின்னு. அது காலேஜுக்கே போவ மாட்டேன்னு வூட்ல குந்திக்கினு இருக்குது. செத்தது செத்துட்டாரு, அத நான் கேக்கல. வேலையில செத்தாருன்னு ஒரு வார்த்தை, அத்தச் சொல்லட்டும். கலெக்டராபீசுல மனு குடுத்திருக்கேன். விசாரணைக்கு வர்றாங்களாம்."

கார்டைப் போட்டேன். அன்றைக்கு அவள் எடுத்த கடைசிப் போட்டோ, லோடு ஏற்றப் போகும் வழியில் வரப்பில் நின்று எடுத்தது. கணுக்கால் தண்ணீரில் அந்தோணிராஜ், தலையில் துண்டு, முதுகு வளைந்திருக்கிறது, உப்பு பலகைக்கு முன்னால் குவிந்து வருகிறது. உப்பு வெள்ளையாக இருந்தது. கீழே தேதியும் நேரமும், காலை பத்தரை. அவனுக்குப் பக்கத்து வரப்பில் தூக்குச்சட்டி, தண்ணீர் கேன், அதற்குப் பக்கத்தில் குவார்ட்டர் பாட்டில். லேபிள் பாதி கிழிந்திருந்தது. பழுப்பாகக் கால்வாசி எண்ணெய் இருந்தது.

பாட்டில்மேல் விரலை வைத்தேன்.

"மேரி, இந்த பாட்டிலு..."

"எண்ணெ பாட்டிலு."

"எனக்குத் தெரியும்மா. வர்ற ஆபீசருக்குத் தெரியுமா? பிராந்தி பாட்டில்னுதானே பாப்பான்? ஒரு நிமிஷ வேலை. பாட்டில அழிச்சிட்டு அங்க வரப்பு மண்ண போட்டுடறேன். உன் கண்ணுக்கே தெரியாது."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எடுத்துட்டா அவரு எண்ணெ இல்லாம இறங்கின மாரி இருக்குமேண்ணா. உப்பு வேலை தெரியாத ஆளுன்னு சிரிப்பாங்க."

"யாரும்மா சிரிக்கப் போறா? இத பாக்கப் போறது ஒரே ஒரு ஆபீசரு!"

"பொய்யின்னு ஆயிடும்ல? தட்சணாமூர்த்தி சொல்றதும் பொய்யி, நான் காட்றதும் பொய்யி."

"அவன் பொய் சொல்லி ஜெயிக்கிறான். நீ உண்மையச் சொல்லித் தோத்துட்டு வா. தூக்கி வெச்சிப்பாங்க. சரி, அந்த பாட்டிலு எங்க? அதையாவது எடுத்துனு போயி காட்டு."

"மறுநாளு போயி பாத்தேன், இல்ல. எண்ணெ இருந்தா யாராச்சும் எடுத்துப் பூசிப்பாங்கண்ணா. அது தப்பில்ல." அப்புறம் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள். "அங்க இருக்கறவங்க அத்தினி பேரும் அதே பாட்டில்தான் வெச்சிக்கினு இருக்காங்க. எங்கூட வேலை செய்யற விஜயலட்சுமி தெனமும் இவரு பாட்டில்லருந்துதான் வாங்கிப் பூசிக்குவா. சொல்ல மாட்டாங்களா? நீங்க ஏண்ணா பயப்படறீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த ஆள் எப்படித்தான் குடித்தனம் நடத்தினான் என்று நினைத்தேன். ஆனாலும் பாட்டிலை நான் தொடவில்லை. அவள் போட்டோ அது. உள்ளது உள்ளபடி பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். விசாரணைக்கு நீங்களும் வாங்கண்ணா, எனக்குப் பேச வராது என்றாள். சரி என்றேன்.

விசாரணை உப்பளத்துக் கொட்டகையிலேயே நடந்தது. காலையிலேயே வெயில் கண்ணைக் குத்தியது. அதிகாரி வந்துபோகும் வரை யாரும் இறங்கக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டதால் ஆணும் பெண்ணுமாக எல்லாரும் கொட்டகைக்கு வெளியே குந்தியிருந்தார்கள். அதிகாரி கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. கர்ச்சீப்பை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சீக்கிரம் முடிந்தால் போதும் என்கிற முகத்தோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தட்சணாமூர்த்தி இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மேரி பிரிண்டையும் கேமராவையும் நீட்டினாள். "அன்னிக்கி எடுத்தது சார். டைமு கீழயே இருக்குது பாருங்க. வேலை செஞ்சிக்கினு இருக்காரு."

அதிகாரி கேமராவை வாங்கி, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு பார்த்தார். "ம். பத்தரைக்கு வேலையில இருந்திருக்காரு. கரெக்ட்டுதான்" என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"சார், வேலைக்கு வரலைன்னு நான் சொல்லவே இல்லீங்களே" என்றார் தட்சணாமூர்த்தி பணிவாக. "வந்தான். பாதியில போயிட்டான். ஏன் போனான்னு அந்த போட்டோவுலயே இருக்குது. கொஞ்சம் பெருசு பண்ணிப் பாருங்க. வரப்புல."

அவருக்கு எப்படித் தெரியும்? போட்டோவை அதுவரை அவர் பார்க்கவே இல்லை. வரப்பில் பாட்டில் இருக்கும் என்று மட்டும் அவருக்குத் தெரியும், தினமும் பார்க்கிறவர்தானே.

அதிகாரி பட்டனை அமுக்கிப் பெரிதாக்கினார். லேபிளில் மிச்சமிருந்த எழுத்தை வாய்க்குள் படித்தார். "என்னம்மா இது?"

"எண்ணெ சார். வேப்பெண்ணெ. காலுக்குப் பூசிக்கறது."

"பிராந்தி பாட்டில்ல எண்ணெயா?"

"எல்லாரும் அதுலதான் சார் வெச்சிருப்பாங்க. வரப்புல பாருங்க, வரிசையா இருக்கும்."

அதிகாரி எழுந்து வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். வரப்பு கண்ணுக்கு எட்டின மட்டும் சுத்தமாக இருந்தது. ஒரு பாட்டில் இல்லை.

மேரிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. குந்தியிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "ஏய் விஜயா, சொல்லு. இன்னா இருக்கும் அதுல? நீதானே தெனமும் வாங்குவ?"

விஜயலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தாள். "நான் பாக்கலீங்க சார். நாங்க லோடுக்குப் போயிட்டோம்."

"அன்னிக்கி இல்லடி! தெனமும்!"

"எனக்குத் தெரியாதுங்க."

அதிகாரி மற்றவர்களையும் கேட்டார். தெரியாதுங்க, கவனிக்கலீங்க, நம்ம வேலைய நம்ம பாப்போங்க. மேஸ்திரியைக் கேட்டதற்கு அவன் கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டு, "செத்தவனப் பத்தி இன்னாங்க பேசறது" என்றான். எவ்வளவு மரியாதை பாருங்கள்!

"குடிப்பழக்கம் உண்டா இல்லையாம்மா?"

இல்லை என்று சொல், இல்லை என்று சொல் என்று நான் மனசுக்குள் கத்தினேன்.

"சனிக்கிழமை சாயங்காலம் குடிப்பாரு சார். நான் பொய் சொல்ல மாட்டேன். வேலை நேரத்துல தொட மாட்டாரு."

"இறந்தது என்ன கிழமை?"

"சனிக்கிழமை" என்றார் தட்சணாமூர்த்தி.

மேரி சட்டென்று பெண்கள் இருந்த பக்கம் ஓடினாள். விஜயலட்சுமியின் காலைப் பிடித்து இழுத்து நீட்டினாள். "காலை மோந்து பாருங்க சார்! வேப்பெண்ணெ நாத்தம் அடிக்கும்! ஒருத்தர் விடாம மோந்து பாருங்க!"

யாரோ ஒருத்தன் சிரித்துவிட்டான். விஜயலட்சுமி காலை இழுத்துக்கொண்டாள். காய்ந்து, உப்புப் பூத்து வெடித்திருந்த கால். அன்றைக்கு எவரும் எண்ணெய் பூசவில்லை. அதிகாரி இரண்டடி பின்வாங்கி, "எழுந்திரும்மா, என்ன இதெல்லாம்" என்றார். கடிந்துகொண்ட மாதிரி இல்லை, இரக்கமாகத்தான் சொன்னார். "கண்ணுக்குத் தெரியறதைத்தான் நான் எழுத முடியும். நீயே எடுத்த போட்டோ. நீயே சொல்ற சனிக்கிழமை. நான் என்ன பண்ணட்டும்?"

நான் குறுக்கே பேசினேன். இந்தம்மா எடுக்கிற போட்டோவெல்லாம் எனக்குத் தெரியும், எல்லாவற்றிலும் இந்த பாட்டில் இருக்கிறது, கடையில் வந்து பாருங்கள் என்றேன். நீங்க இவங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். ஸ்டூடியோக்காரன் என்றேன். எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். மேரியிடம் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இளநீரைக் குடித்து, ஜீப்பில் ஏறினார். தட்சணாமூர்த்தியின் காரும் பின்னாலேயே போனது.

"சரி சரி, இறங்குங்க. வெயில் ஏறிப்போச்சி" என்றான் மேஸ்திரி.

ஒருத்தன் கொட்டகை மூலையில் தார்ப்பாயைத் தூக்கி ஒரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தான். சாக்குக்குள் கண்ணாடி கலகலவென்றது. ஒவ்வொருத்தராக வந்து அவரவர் பாட்டிலைத் தேடி எடுத்துக்கொண்டார்கள். வரப்பில் வரிசையாகக் குந்தி, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றிக் காலில் பூச ஆரம்பித்தார்கள். கொட்டகை முழுக்க வேப்பெண்ணெய் நாற்றம் தூக்கியது. த்தூ, நீங்களெல்லாம் மனுஷங்களா என்று கேட்க வாய் வந்தது. அதற்குள் வேறொன்று தோன்றியது.

"மேரி! எடும்மா! இப்ப எடு! எல்லார் கையிலயும் பாட்டில் இருக்குது பாரு! ஜீப்பு இன்னும் ரோட்ட புடிக்கல, நான் வண்டியில போயி நிறுத்தறேன்!"

மேரி கேமராவைத் தூக்கினாள். லென்ஸ் சத்தத்தோடு வெளியே வந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை, பாட்டிலை மறைக்கவுமில்லை. விஜயலட்சுமி மட்டும் குதிகால் வெடிப்பில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்.

"எடுக்காத மேரி. எங்களையும் குடிகாரிங்கன்னு எழுதிக்கினு போவானுங்க."

பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன். அவள் சொன்னதுதான் நடக்கும். காலை நேரத்தில் வரப்பில் குந்தி, ஆளுக்கொரு பிராந்தி பாட்டிலைத் திறந்துகொண்டு இத்தனை பேர். கண்ணுக்குத் தெரிகிறதைத்தானே எழுதுவார்கள்.

மேரி அந்தச் சின்னத் திரையைப் பார்த்தாள். பட்டனை அமுக்கவில்லை. கேமராவை அணைத்தாள்.

"நீ சொல்லியிருக்கலாம் விஜயா."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் விஜயலட்சுமி. "சொல்லியிருந்தா நாளைக்கு நான் எந்தப் பாத்தியில இறங்குவேன்? நீயுந்தான் எங்க போவ? மேரிசெல்விக்கு யாரு கட்றது பீசு?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள், எண்ணெய் பட்டு இன்னும் எரிந்திருக்க வேண்டும். பாட்டிலை மேரி பக்கம் நீட்டினாள். "இந்தா, போட்டுக்க. இத்தினி நாளு தண்ணி படாத காலு. எரியும்."

"ஏம்மா, நீ இறங்கறியா இல்லியா?" என்றான் மேஸ்திரி தூரத்திலிருந்து.

மேரி என்னிடம் கேமராவைக் கொடுத்தாள். கொட்டகைக் கம்பத்தில் மாட்டியிருந்த அந்தோணிராஜின் பழைய சட்டையை எடுத்துச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். விஜயலட்சுமி பாட்டிலை நீட்டியபடியே இருந்தாள். மேரி அதை வாங்கவில்லை. எண்ணெய் போடாத காலோடு போய்ப் பாத்தியில் இறங்கினாள்.